நாலு சுருட்டுப் பந்தயம்

நான் சுருட்டுக் குடிப்பவன் இல்லை. ஆனாலும் சுருட்டின் ருசியைச் சொல்லித்தான் சில வருடங்களாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வளைகுடா நாடொன்றில், ஒரு பெரிய ஹோட்டலின் மேல்மாடியில், சுருட்டுக் குடிப்பதற்கென்றே ஓர் அறை உண்டு. தோல் நாற்காலிகள், மங்கலான விளக்குகள், சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலமாரி. அலமாரிக்குள் ஈரம் கூடாமலும் குறையாமலும் ஒரு கருவி பார்த்துக்கொள்ளும். அந்தக் கருவியை நான் பார்த்துக்கொள்வேன். வருகிறவர்கள் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு இன்றைக்கு எதைக் குடிக்கலாம் என்று கேட்பார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு, கியூபாவிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி பதில் சொல்வேன்.

சொல்வதெல்லாம் மனப்பாடம். கியூபாச் சுருட்டு முதலில் தேன் போல லேசாக இனிக்கும். நடுவில் பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசம் வரும். கடைசியில் கொக்கோவும் மழை பெய்த மண்ணும். நிகரகுவாச் சுருட்டு எடுத்த எடுப்பிலேயே மிளகு. புகையை மூக்கு வழியாக விட்டால் கண் கலங்கும், அதன் பிறகு கடுங்கோப்பி. டொமினிக்கன் சுருட்டு சாது. வறுத்த கச்சான் கடலையும் பாலாடையும் கலந்தது போல இருக்கும், புதிதாகக் குடிக்க வருகிறவர்களுக்கு அதைத்தான் நீட்ட வேண்டும். இதையெல்லாம் சொல்லித்தந்த மேலாளர் ஒரு தடவை என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். தேனும் வரவில்லை, மரப்பெட்டியும் வரவில்லை. இருமி இருமிக் கழிவறையில் போய் உட்கார்ந்ததுதான் மிச்சம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எனக்கு நன்றாகவே உதவியது.

நிஜமாகவே சுருட்டுத் தெரிந்தவள் என் அம்மா. இலங்கையில், தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் அந்த வயதுப் பெண்கள் சுருட்டுக் குடிப்பதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பனியிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறி இறங்கிய உடம்புக்கு அது ஒரு சூடு, அவ்வளவுதான். அம்மாவுக்கு அது சூடு மட்டும் இல்லை. யாழ்ப்பாணச் சுருட்டு என்று சொல்லிக் கடைக்காரர் மொனராகலைப் பக்கத்துப் புகையிலையைக் கலந்து விற்றால், ஒரே இழுப்பில் கண்டுபிடித்துவிடுவாள். புகைந்துகொண்டிருக்கும் சுருட்டோடு கடைக்குத் திரும்பிப் போய் நிற்பாள். யாழ்ப்பாணச் சுருட்டுக்குத் தெளிக்கும் வெல்லப் பாணியின் இனிப்பும் புளிப்பும் நாக்கின் அடியில் தங்க வேண்டுமாம். மொனராகலை இலை தொண்டையை மட்டும் குத்திவிட்டுப் போய்விடுமாம். கடைக்காரர் அம்மாவைக் கண்டால் வேறு பெட்டியைத் திறப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு அடுத்த கேள்வி அதுதான். "இன்னைக்கு எந்த நாட்டுச் சுருட்டுடா வித்த?" நானும் அறையில் சொல்கிற அதே பாடத்தை அதே வரிசையில் ஒப்பிப்பேன். கியூபா, நிகரகுவா, டொமினிக்கன். அம்மா நடுவில் பேசாமல் கேட்பாள். கடைசியில், "அதுக்கெல்லாம் பொறவு நம்ம சுருட்டு" என்று தன் பங்குக்குச் சேர்ப்பாள். ஒரு தடவை, "மரப்பெட்டி வாசத்துக்கா இம்புட்டுக் காசு கொடுக்குறாங்க? பெட்டியவே பத்த வச்சுக் குடுத்துட வேண்டியதுதானே" என்றாள். "வாரப்ப எனக்கும் ஒண்ணு ஒண்ணு கொண்டா" என்றும் சொல்லியிருந்தாள்.

கொண்டுவந்தேன். லீவுக்கு ஊருக்குப் போகிறேன் என்றதும், அறைக்கு வழக்கமாக வரும் ஒரு பெரியவர் மூன்று நாட்டுச் சுருட்டிலும் ஒவ்வொன்று எடுத்துக் கொடுத்தார். நான் பயந்த சுபாவம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்களோ என்று பயந்தேன். கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் ரயிலில், சுருட்டு நசுங்கிவிடுமோ என்று பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பனியில் பூஞ்சை பிடித்துவிடுமோ என்று வேறு ஒரு கவலை. அங்கே சுருட்டு காய்ந்துவிடக் கூடாது என்று கருவி வைத்திருக்கிறோம். இங்கே நனைந்துவிடக் கூடாது என்று அம்மா தன் சுருட்டைத் தகர டப்பாவில் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருப்பாள். இப்போது நினைத்தால், பயப்பட வேண்டாத எல்லாவற்றுக்கும் பயந்து தீர்த்திருக்கிறேன்.

வந்த அன்று அம்மா கோழிக்கறி வைத்திருந்தாள். வாயில் வைத்தேன், உப்புக் கரித்தது. இத்தனை நாள் கழித்து வந்த பிள்ளை, கை தடுமாறியிருக்கும் என்று பேசாமல் சாப்பிட்டேன். அம்மா தன் தட்டில் கறி போடவில்லை. சோற்றை ஆறவைத்து, ரசம் மாதிரி ஏதோ ஊற்றிப் பிசைந்து, கன்னத்தின் ஒரு பக்கமாகவே ஒதுக்கி ஒதுக்கி விழுங்கினாள். கொச்சிக்காய்ச் சம்பல் இல்லாமல் சோறு இறங்காது என்று சண்டை பிடித்தவள் அவள்.

"காரம் ஆகல தம்பி. வயசாகுதுல்ல" என்றாள். குரல் மூக்கடைத்தவள் குரலாக இருந்தது. கேட்டதற்குப் பனி என்றாள்.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவள், இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். "ஒங்கம்மாவ கொஞ்சம் பாருப்பா. போன மாசம் பொங்கச் சோறு குடுத்தாங்க, வாயில வைக்க முடியல, அம்புட்டு உப்பு. மூக்கடைப்புன்னு சொல்றாங்க, மழ விட்டும் விடலையே. வாயில ஏதோ புண்ணு இருக்கு. கேட்டா எம் மேலேயே பாயுறாங்க."

அன்று முழுக்க அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கும்போது கையால் மறைத்தாள். பேசும்போது அடுப்பைப் பார்த்துப் பேசினாள். மறுநாள் காலையில் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவள், நான் இருப்பது தெரியாமல் ஒரு பெரிய கொட்டாவி விட்டாள். மேல் அண்ணத்தில், ஒரு பக்கமாக, சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டு ஒன்று. ஒரு கணம்தான். அந்த ஒரு கணம் இன்றைக்கு வரைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னேன். முடியாது என்றாள். கெஞ்சினேன். "சூடு பட்ட புண்ணு, ஆறிரும்" என்றாள். கத்தினேன். அப்போதுதான் காரணத்தைச் சொன்னாள். "ஒங்கப்பா நடந்துதான் பதுளைக்குப் போனாரு. எப்படி வந்தாருன்னு ஒனக்கு மறந்துபோச்சா?" அப்பாவை நாங்கள் கொண்டுபோனது ரொம்பப் பிந்தி. அதில் ஆஸ்பத்திரியைச் சொல்லி என்ன. ஆனால் அம்மாவின் கணக்கு வேறு. போகாதவரைக்கும் நோய் இல்லை, போனால்தான் நோய்.

வேறு வழியில்லாமல் அடுத்த படிக்கு இறங்கினேன். சரி, ஆஸ்பத்திரி வேண்டாம், சுருட்டையாவது விடு என்றேன். ஆச்சரியம், உடனே ஒத்துக்கொண்டாள். லயத்துக்கு மேலே, தேயிலை மலை தொடங்கும் இடத்தில் ஒரு மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். சூலமும் மூன்று கல்லும்தான். அந்தத் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "முனி மேல சத்தியம், இனிமே சுருட்டக் குடிக்க மாட்டேன்" என்றாள். டப்பாவை இறக்கி என் கையிலேயே கொடுத்தாள். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

பிறகு பார்த்தால் அம்மாவுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. முனிக்கு வெள்ளிக்கிழமைதான் சுருட்டு வைப்பது வழக்கம். அப்பா இருந்தபோது அவர் வைத்தார், அவருக்குப் பின் அம்மா வைக்கிறாள். இப்போது தினமும் காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை என்று, சாமிக்கென்று என்னிடமே ஒரு சுருட்டைக் கேட்டு வாங்கி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மேலே ஏறினாள். எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, நமக்காகத்தானே வேண்டுகிறாள் என்று. ஒரு நாள் பின்னாலேயே போனேன். அம்மா கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தாள். வாயில் சுருட்டு. கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக, ஆழமாக, ஓர் இழுப்பு. பிறகு இன்னொன்று.

"அம்மா, முனி மேல சத்தியம் பண்ணியே."

அவள் திடுக்கிடவே இல்லை. "நானா குடிக்கிறேன்? சாமிக்குப் பத்த வைக்கிறேன். வாயில வச்சு இழுக்காம சுருட்டு பத்துமா? அணைஞ்ச சுருட்டையா சாமிக்கு வைக்கிறது?"

அதில் கள்ளம் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். சாமிக்குப் பற்றவைக்கிற சுருட்டு சாமியுடைய சுருட்டு. அதன் புகை நம் வாய்க்குள் போனாலும் நம் கணக்கில் சேராது. ஹோட்டலில் எத்தனையோ பேர் சுருட்டை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு மறுவாரமே வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முனியாண்டியைத் துணைக்கு வைத்துக்கொண்டு குடிப்பவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது, அழுதும்விட்டேன்.

அம்மா என் அழுகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே ஒரு பந்தயத்துக்கு வந்தாள்.

"இந்தா பாரு, எனக்கு வாயில ஒண்ணுமில்ல. வேணும்னா நீ கொண்டாந்து ஒளிச்சு வச்சிருக்கியே, அந்தச் சுருட்ட எடு. நம்ம சுருட்டும் ஒண்ணு வை. என் கண்ணக் கட்டிரு. எது எந்த ஊருன்னு நான் சொல்றேன். சொல்லிட்டேன்னா ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா நீ எங்க கூப்புட்டாலும் வாரேன். முனி சாட்சி."

வாயில் புண்ணோடு இருப்பவளுக்கு என் கையாலேயே நாலு சுருட்டைக் கொடுப்பதா என்று அன்று முழுக்க எனக்குள் அடித்துக்கொண்டது. ஆனால் வெறும் பேச்சில் அவளை பஸ் ஏற்ற முடியாது என்பது தெரிந்துபோயிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இழுப்பு, அதற்கு மேல் கிடையாது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டேன். அந்தப் பந்தயத்தில் நான் ஜெயிக்க வேண்டும் என்றால் அம்மாவின் நாக்கு தோற்க வேண்டும். அவள் நாக்கு தோற்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும். எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? முனிக்கு முன்னால் நின்று ஒன்றுமே வேண்டாமல் திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், வெயில் இருக்கும்போதே மூன்று பேரும் மரத்தடிக்குப் போனோம். மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டு அக்கா, அம்மாவே சாட்சிக்கு அழைத்தது. வெளிநாட்டுச் சுருட்டு தடிமன், எங்கள் சுருட்டு ஒல்லி. உதட்டில் பட்டதுமே தெரிந்துவிடும். அதனால் பள்ளிக் கொப்பித் தாளைச் சுருட்டி நாலு குழாய் செய்து, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சுருட்டைச் செருகியிருந்தேன். அம்மா கையால் தொடக் கூடாது, நான்தான் வாயருகில் பிடிப்பேன். கொழுந்து பறிக்கும்போது தலையில் போட்டுக்கொண்ட பழைய துணியாலேயே கண்ணைக் கட்டினேன்.

எதை முதலில் கொடுப்பது என்று அதுவரை நான் யோசித்திருக்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு, கழுத்தை லேசாக நீட்டி, வாயைத் திறந்து வைத்திருந்தவளைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அவளைத் தோற்கடிக்கத்தான் வந்திருந்தேன். ஆனால் கை, தானாக, இருப்பதிலேயே சுலபமானதை எடுத்தது. எங்கள் கடைச் சுருட்டு. வருடக்கணக்காக அவள் வாயிலேயே இருந்த சுருட்டு. இதையாவது சரியாகச் சொல்லட்டும் என்று நினைத்தேன். ஹோட்டலில் செய்வது போல லைட்டர் நெருப்பில் முனையைச் சுற்றிச் சுற்றிப் பற்றவைத்து, குழாயை அவள் உதட்டில் வைத்தேன்.

அம்மா இழுத்தாள். புகையை வாயில் நிறுத்தினாள். எனக்குச் சிறு வயதிலிருந்து தெரிந்த அந்த வாசம் மரத்தடி முழுக்கப் பரவியது. பாணியின் இனிப்பு, அடுப்புப் புகை, கொஞ்சம் புளிப்பு. சுருட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவனுக்கும் தெரிகிற வாசம்.

"இது கியூபா" என்றாள் அம்மா. "மொதல்ல தேனு மாதிரி இனிக்குது. பொறவு மரப்பெட்டி வாசம். கடைசியில கொக்கோ வருது, மழ பேஞ்ச மண்ணு வருது."

அக்கா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் மூக்கு இருக்கிறதே. பேசாதே என்று நான் கண்ணால் சொன்னேன்.

இரண்டாவதாக நிஜமான கியூபாவைக் கொடுத்தேன். குழாய் அவள் பல்லில் இடித்தது. "இது நிகரகுவா. மிளகு. மூக்குல வுட்டா கண்ணு கலங்கும். கடுங்கோப்பி." கண் கலங்கும் என்று சொன்னாளே தவிர மூக்கு வழியாக விடவில்லை. விட முடியாது, அது அடைத்துக் கிடந்தது. மூன்றாவதாகக் கொடுத்த நிகரகுவாவை டொமினிக்கன் என்றாள். கச்சான், பாலாடை, சாது. எல்லாம் என்னுடைய சொற்கள். ஞாயிற்றுக்கிழமை சொற்கள், அதே வரிசையில், ஒன்று விடாமல். எந்த வாடிக்கையாளருக்கும் நான் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

கடைசியாக டொமினிக்கன். அவள் இழுத்துவிட்டுச் சிரித்தாள். "இதுவா, நம்ம சுருட்டு. இதத் தெரியாம போயிருமா எனக்கு."

துணியை அவளே அவிழ்த்துக்கொண்டாள். "என்ன, ஜெயிச்சிட்டேனா?"

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பார்களே, கண்ணைக் கட்டியது அவளுக்கு, காட்டில் நின்றவன் நான். தோற்றுவிட்டாய் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும். சொன்னால் நாளைக்கே பஸ். ஆனால் சொல்லும்போது எதைச் சொல்கிறேன்? அம்மா, உன் சுருட்டே உனக்குத் தெரியவில்லை என்று சொல்கிறேன். உனக்குள் என்னவோ நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்கிறேன்.

"ஜெயிச்சிட்டம்மா" என்றேன். "நாலும் சரி."

அக்கா, "அட பாவி" என்று வாய்க்குள்ளேயே முனகினாள்.

அம்மா சிரித்துக்கொண்டிருந்தவள், மெதுவாகச் சிரிப்பை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையில் வரிசையாகப் புகைந்துகொண்டிருந்த சுருட்டுகளைப் பார்த்தாள். குழாயில் செருகியிருந்தாலும் வெளிச்சத்தில் எது ஒல்லி, எது தடிமன் என்று தெரியத்தானே செய்யும். ஒல்லியானது வரிசையில் முதலாவதாக இருந்தது.

"முனிக்கு முன்னுக்கப் பொய் சொல்லாத" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நானும் பொய்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "எனக்கு ஒண்ணுமே தெரியலடா. நாலும் வெறும் சூடு. கியூபாவும் சூடு, நம்ம சுருட்டும் சூடு. நீ எப்பவும் கியூபாவத்தான் மொதல்ல சொல்லுவ, அப்படித்தான் குடுப்பன்னு நெனச்சுச் சொன்னேன்." அவிழ்த்த துணியை நாலாக மடித்தாள். "ரொம்ப நாளா சோறு, சம்பல், தேத்தண்ணி எல்லாம் இப்படித்தான் இருக்கு. உப்பக் கைக்கணக்குல போடுறேன், கூடுதா கொறையுதான்னு தெரியல. சுருட்டாவது தெரியுதான்னு பாக்கத்தான் தெனமும் இங்க ஏறி வந்தேன். இன்னைக்குத் தெரியும், நாளைக்குத் தெரியும்னு."

சாமிக்குப் பற்றவைக்கிறேன் என்ற பெயரில் அவள் தன் வாயைத்தான் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு முன்பே அவளுக்குப் பயம் வந்துவிட்டது. தன்னந்தனியாக, ஒரு கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து பயந்திருக்கிறாள். நான் அங்கே தோல் நாற்காலிக்காரர்களுக்கு மரப்பெட்டி வாசத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அம்மா எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். ஒல்லிச் சுருட்டை எடுத்து, அணைந்திருந்ததை மறுபடி பற்றவைக்க வாயருகில் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தி என்னிடம் நீட்டினாள். "ஒன் லைட்டர்லேயே பத்த வச்சு வை. சாமி கோவிக்காது." நான் பற்றவைத்து முனியின் கல்லிடுக்கில் வைத்தேன். மலையிறங்கி வரும்போது, திங்கட்கிழமை பஸ் எத்தனை மணிக்கு என்று அவளேதான் கேட்டாள்.

பதுளைக்குப் போகும் பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. ஒவ்வொரு வளைவிலும் முன்னால் இருக்கும் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வரும்வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். என் உள்ளங்கை வேர்த்து, கையிலிருந்த இலக்கத் துண்டு நனைந்துவிட்டது. உள்ளே போனதும் பார்த்தால் டொக்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். சிறிய விளக்கை அடித்து அம்மாவின் வாயை வெகு நேரம் பார்த்தார்.

"எவ்வளவு காலமா அம்மா இது இருக்கு?"

"கொஞ்ச நாளாங்க."

"மூக்கு அடைச்சது எப்ப தொடக்கம்?"

அம்மா என்னைப் பார்த்தாள். "அதுவும் கொஞ்ச நாளாங்க."

"புகைக்கிறனீங்களோ?"

"இல்லீங்க" என்று உடனே சொன்னாள். பிறகு நின்றாள். சாமிக்குப் பற்றவைப்பதைச் சொல்லிவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். "குடிப்பேங்க" என்றாள். "சின்ன வயசுலேருந்து. போன வெள்ளிக்கிழமை வரைக்கும் குடிச்சேன்."

டொக்டர் கோபிக்கவில்லை. "உண்மையச் சொன்னது நல்லது. இப்பவாவது வந்தீங்களே. நாளைக்கு நாளைக்கெண்டு விடாமல் இண்டைக்கே புண்ணிலயிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவம். அது வந்தாப் பிறகுதான் நான் ஏதும் சொல்லலாம். மற்றது, தலையையும் ஒருக்கா ஸ்கேன் எடுத்துப் பாக்க வேணும்." அது என்னவாக இருக்கும் என்று நான் கேட்டேன். "பாப்பம் தம்பி" என்றார். அந்தப் பாப்பத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

மரத்துப்போவதற்கு ஊசி போட்டுத் துண்டை எடுத்தார்கள். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். கொழுந்து பறித்துப் பறித்து மரக்கட்டையாகிப்போன அந்த விரல்களுக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சூடாக எதையும் குடிக்கக் கூடாது என்று தாதி சொல்லி அனுப்பினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அம்மா தேத்தண்ணி வேண்டும் என்றாள். கூடாது என்றேன். ஆறவைத்துக் கொடு என்றாள். பக்கத்துக் கடையில் பால் தேத்தண்ணி ஒன்று வாங்கி, இரண்டு கோப்பை கேட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றினேன். பச்சைத் தண்ணீர் மாதிரி ஆன பிறகுதான் கொடுத்தேன். அம்மா ஒரு வாய் குடித்தாள். மரத்துப்போன உதட்டின் ஓரத்தால் கொஞ்சம் வழிந்தது, துடைத்துவிட்டேன்.

"இன்னைக்கு ருசி தெரியாததுக்கு ஊசி மேல பழியப் போட்டுக்கலாம்" என்றாள். பிறகு கோப்பையை என் பக்கம் நீட்டினாள். "நீ ஒரு வாய் குடி. எப்படி இருக்குன்னு சொல்லு. அங்க அவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

ஒரு வாய் குடித்தேன். தேன், மரப்பெட்டி, கொக்கோ என்று பழக்கத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் விழுங்கினேன். கடையில் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள், கொஸ்லந்தைக்குப் போகும் பஸ்ஸுக்கு யாரோ கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வாய் குடித்து, இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு, வாயில் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தேன்.

"சீனி கூடிப்போச்சும்மா" என்றேன். "சாயம் பத்தாது. மொதல்ல வேற யாருக்கோ வடிச்ச தூளுலேயே மறுபடி ஊத்தியிருக்கான். பால்மா சரியா கரையல, அடியில கட்டியா இருக்கு. முழுங்கின பொறவு கொஞ்சமா கசக்குது. அது மட்டும் நல்லா இருக்கு."

அம்மா கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினாள். "பொய் சொல்லலையே?"

"இல்லம்மா."

கோப்பையை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடி, ஒரு வாய் குடித்து, கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.

"ஆமா" என்றாள். "சீனி கூடத்தான்."